நட்சத்திரம் எங்கே போனது? ஒட்டுப் போர்வை சொல்லும் நிற அறிவியல்

தீபாவளி முடிந்த கையோடு என் அக்கா ஒரு பெரிய பையைத் திறந்தார். அம்மாவின் ரவிக்கைத் துண்டுகள், பழைய பாஜு கூரோங், அப்பாவின் கிழிந்த பாத்தேக் சட்டை, தையல் கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத் துணிகள் என்று பல ஆண்டுச் சேமிப்பு அதில் இருந்தது. அவற்றைக் கொண்டு பாட்டிக்கு ஓர் ஒட்டுப் போர்வை தைப்பது அவரின் திட்டம். நடுவில் சிவப்புத் துணிகளால் ஓர் எட்டு முனை நட்சத்திரம். அதைச் சுற்றிலும் பச்சைத் துணிகள்.

மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து மேல்துணியைத் தைத்து முடித்தார். வரவேற்பறையின் மறுமுனையில் அமர்ந்திருந்த பாட்டியிடம் விரித்துக் காட்டினார். பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நட்சத்திரம் எங்கேம்மா?" என்று கேட்டார்.

குறை பாட்டியின் பார்வையில் இல்லை. நானும் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அருகில் பளிச்சென்று தெரிந்த நட்சத்திரம், தள்ளி நின்றால் சேற்று நிறப் பரப்பில் கரைந்து போயிருந்தது. ஒவ்வொரு துணியும் தனியாக அழகுதான். சேர்ந்தபோது என்ன ஆயிற்று?

விடை துணியில் மட்டும் இல்லை. நம் கண்ணிலும் இருக்கிறது.

ஒட்டுப் போர்வை என்றால் என்ன?

ஒட்டுப் போர்வையில் மூன்று அடுக்குகள் உண்டு. துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றும் நகராமல் இருக்க ஊடுதையல் போடுவார்கள். புதுத் துணி வாங்கி, இரண்டு மூன்று நிறங்களில் அளவாகத் தைப்பது ஒரு வகை. கையில் கிடைக்கும் மீதத் துணிகளை எல்லாம் சேர்த்துத் தைப்பது இன்னொரு வகை. நம் நாட்டு மலாய்க் குடும்பங்களில் இந்த இரண்டாம் வகைக்குத் 'தம்பால் செரிபு' என்று பெயர். ஆயிரம் ஒட்டு என்பது அதன் பொருள்.

மீதத் துணியில் தைப்பவருக்கு நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைவு. கிடைத்ததை வைத்துத்தான் ஒழுங்கு படுத்த வேண்டும். அதனால்தான் நிறங்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அவர் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

நிறத்தின் மூன்று பண்புகள்

ஒரு நிறத்தை விவரிக்க மூன்று பண்புகள் தேவை. சிவப்பா, பச்சையா, நீலமா என்பது நிறவகை. எவ்வளவு வெளிர் அல்லது எவ்வளவு அடர் என்பது வெளிர்மை. பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து மங்கியிருக்கிறதா என்பது செறிவு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல், இந்த மூன்றையும் கொண்டு நிறங்களை எண்ணால் குறிக்கும் முறையை 1905இல் வெளியிட்டார். அதில் வெளிர்மைக்குக் கறுப்பு 0, வெள்ளை 10.

துணி தேர்ந்தெடுக்கும்போது நாம் பெரும்பாலும் நிறவகையை மட்டுமே பார்க்கிறோம். அக்காவும் அப்படித்தான் செய்தார். சிவப்பும் பச்சையும் வேறு வேறு என்பதால் வடிவம் தெரியும் என்று நம்பினார். ஆனால் நடுத்தரச் சிவப்புக்கும் நடுத்தரப் பச்சைக்கும் வெளிர்மை ஏறக்குறைய ஒன்றே.

நம் கண் நுண்ணிய உருவங்களைப் பிரித்தறிய வெளிர்மை வேறுபாட்டையே அதிகம் நம்புகிறது. நிறவகை மட்டும் மாறி, வெளிர்மை மாறாமல் இருந்தால், நுண்ணிய விளிம்புகள் தெளிவாகப் புலப்படுவதில்லை. உங்கள் கைப்பேசி சேமிக்கும் 'ஜேபெக்' நிழற்படங்களும் இந்த உண்மையைப் பயன்படுத்துகின்றன. அவை வெளிர்மை விவரத்தை முழுமையாகவும், நிற விவரத்தைப் பெரும்பாலும் குறைத்தும் சேமிக்கின்றன. நாம் வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

அக்காவின் போர்வையைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினோம். நட்சத்திரமும் பின்புலமும் ஒரே சாம்பல் நிறம். பாட்டி கேட்ட கேள்வி நியாயமானதுதான்!

எல்லா நிறங்களும் கண்ணுக்குச் சமமான வெளிச்சத்தைத் தருவதில்லை. தொலைக்காட்சிப் பொறியியலில், வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற ஒரு பழைய சூத்திரம் உண்டு. பச்சைக்கு 59 விழுக்காடு, சிவப்புக்கு 30 விழுக்காடு, நீலத்துக்கு 11 விழுக்காடு. பச்சையையும் சிவப்பையும் கூட்டினால் 89 ஆகிறது. அந்த இரண்டு ஒளிகளும் சேர்ந்ததே மஞ்சள். மஞ்சள் துணி எங்கே வைத்தாலும் எட்டிப் பார்ப்பதற்கும், நீலம் பின்னால் ஒதுங்குவதற்கும் இது ஒரு காரணம்.

சேற்று நிறம் எங்கிருந்து வந்தது?

அக்கா தேர்ந்தெடுத்த சிவப்புத் துணிகளில் சிறு சிறு பச்சை இலைகள் இருந்தன. பச்சைத் துணிகளில் பொடிப் பொடியாய்ச் சிவப்புப் பூக்கள். அருகில் இருந்து பார்க்க இவை பொருத்தமான இணைகள். தூரத்தில்தான் சிக்கல்.

நல்ல பார்வை உடையவரின் கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறியும். கணக்கிட்டுப் பாருங்கள்: 1 மில்லிமீட்டர் புள்ளி, சுமார் 3.5 மீட்டர் தொலைவில் இந்த எல்லையைத் தொடுகிறது. அதற்கு அப்பால் புள்ளிகளைத் தனித்தனியாகக் காண முடியாது. அவற்றிலிருந்து வரும் ஒளி கண்ணில் கலந்து, சராசரி நிறம் ஒன்றே தெரியும். சிவப்பும் பச்சையும் கலந்த சராசரி, பழுப்புக்கு நெருங்கியது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மஞ்சள் சாயத்தையும் நீலச் சாயத்தையும் கிண்ணத்தில் கலந்தால் பச்சை கிடைக்கும். ஒவ்வொரு சாயமும் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிவிட, இரண்டும் விட்டுவைப்பது பச்சை மட்டுமே. ஆனால் மஞ்சள் நூலையும் நீல நூலையும் நெருக்கமாக நெய்து தூரத்தில் இருந்து பார்த்தால் பச்சை தெரியாது. சாம்பல் நிறமே தெரியும். நூல்களில் சாயங்கள் கலப்பதில்லை; அவற்றிலிருந்து வரும் ஒளிதான் கலக்கிறது.

குற்றம் சாயத்தில் இல்லை

நிறங்கள் அண்டை நிறங்களால் மாறித் தெரிவதை முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரூல். 1824இல் அவர் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற கோபெலன் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவரானார். அங்கே அவரிடம் ஒரு புகார் வந்தது. நீலம், ஊதா நிறங்களுக்கு நிழலாக நெய்யப்படும் கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்பதே அது. பழி சாயம் தோய்ப்பவர்கள் மீது விழுந்தது.

ஷெவ்ரூல் வேறு பட்டறைகளின் கறுப்பு நூல்களை வரவழைத்து, கோபெலன் நூலோடு ஒப்பிட்டார். கோபெலன் கறுப்பில் எந்தக் குறையும் இல்லை. நீலத்தின் பக்கத்தில் வைக்கும்போது மட்டும் அது வலுவிழந்து தெரிந்தது. நீலத்துக்கு எதிர்நிறம் செம்மஞ்சள். அதன் சாயல் அண்டையிலுள்ள கறுப்பில் ஏறியது போல் கண்ணுக்குத் தோன்றியது. சாயக்காரர்கள் தவறு செய்யவில்லை!

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் தங்களுக்குள் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும் என்ற விதியை அவர் 1839இல் நூலாக வெளியிட்டார். 102 வயது வரை வாழ்ந்த ஷெவ்ரூலின் பெயர், ஐஃபல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களுள் ஒன்று.

நீங்களே செய்து பாருங்கள். ஒரு சாம்பல் நிறத் துணியில் இருந்து ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை வெள்ளைத் துணி மீதும், மற்றொன்றைக் கறுப்புத் துணி மீதும் வையுங்கள். வெள்ளை மீது இருப்பது அடர்த்தியாகவும், கறுப்பு மீது இருப்பது வெளிறியும் தெரியும். இரண்டையும் எடுத்துச் சேர்த்து வைத்தால் மீண்டும் ஒன்றாகிவிடும்.

கடற்கரை நண்டு தந்த விளக்கம்

கண் ஏன் இப்படிச் செய்கிறது? விழித்திரையில் 10 கோடிக்கும் மேற்பட்ட ஒளி உணரும் உயிரணுக்கள் உள்ளன. ஆனால் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் இருப்பவை சுமார் 10 லட்சம் இழைகள் மட்டுமே. கிடைத்த எல்லாத் தகவலையும் அப்படியே அனுப்ப வழியில்லை. ஆகவே விழித்திரை, "இங்கே எவ்வளவு ஒளி?" என்பதைவிட, "பக்கத்தைவிட இங்கே எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு?" என்பதையே அதிகம் தெரிவிக்கிறது.

இதன் அடிப்படையைக் கண்டறிய உதவியது ஒரு லாட நண்டு. நம் கடற்கரைகளில் பெலாங்காஸ் என்று அழைக்கப்படும் விலங்கின் அமெரிக்க உறவினம் அது. அமெரிக்க அறிஞர் ஹார்ட்லைன் அதன் கண் நரம்புகளை ஆராய்ந்தார். ஒளி படும் ஓர் உணரி, தன் பக்கத்து உணரிகளின் சமிக்ஞையை அடக்குகிறது என்று கண்டார். பக்கத்தில் வெளிச்சம் அதிகம் என்றால், நடுவில் உள்ளது மேலும் இருண்டதாகத் தெரிவிக்கப்படும். பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக அவர் 1967இல் மேலும் இருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனிதரில் இந்த ஒப்பீடு விழித்திரையோடு நின்றுவிடுவதில்லை, மூளையிலும் தொடர்கிறது.

விளக்கு மாறினால் நிறமும் மாறும்

இன்னொரு பொறியும் உண்டு. கடையில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு கருநீலத் துணிகள், வீட்டு வாசலில் வேறுபட்டுத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் கண்ணில் நிறம் உணரும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகைதான். வெவ்வேறு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் அந்த மூன்றையும் ஒரே அளவில் தூண்டலாம். விளக்கு மாறினால் அந்தச் சமநிலை குலைந்துவிடும். எனவே துணிகளை இரவு விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் ஜன்னல் ஓரத்திலும் ஒருமுறை பாருங்கள்.

தைக்கும் முன் ஐந்து சோதனைகள்

1. துணிகளை நிறவகைப்படி அல்லாமல் வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

2. சந்தேகம் வந்தால் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு துணிகள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், அவற்றைக் கொண்டு வடிவமும் பின்புலமும் அமைக்க வேண்டாம்.

3. ஒரே துணி வெளிராகவோ அடராகவோ தெரிவது பக்கத்துத் துணியைப் பொறுத்தது. எனவே துணியைத் தனியாகப் பார்க்காமல், அது அமரப்போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

4. தைக்கும் முன் எல்லாத் துண்டுகளையும் தரையில் அடுக்கி, நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

5. பளிச்சென்ற மஞ்சள் போன்ற நிறங்களை ஓரிடத்தில் குவிக்காமல், போர்வை முழுவதும் சிறிது சிறிதாகப் பரப்புங்கள். கண் ஓரிடத்தில் சிக்காமல் எங்கும் சுற்றி வரும்.

முதல்முறை தைப்பவர்களுக்கு 'மரவீடு' என்ற அமைப்பு ஏற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் பரவலாக விரும்பப்பட்டது இது. நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி நீளத் துண்டுகளை வரிசையாகச் சேர்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வெளிர் துணிகள், மற்ற இரண்டு பக்கங்களில் அடர் துணிகள். அவ்வளவுதான் விதி. அடர்ப் பக்கத்தில் மெரூனும் கருநீலமும் கரும்பச்சையும் எப்படிக் கலந்து வந்தாலும், சதுரத்தின் குறுக்கே வெளிச்சமும் நிழலுமாக ஒரு கோடு தெளிவாகத் தெரியும். இருபது நிறங்கள் இருந்தாலும் போர்வை சிதறித் தெரியாது.

அக்கா என்ன செய்தார்? இரண்டு இரவுகள் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். துண்டுகளைக் குவியல்களாகப் பிரித்து, பையில் மீதம் கிடந்த துணிகளையும் சேர்த்துக்கொண்டார். இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள், பாலேடு நிறம் எல்லாம் நட்சத்திரத்துக்கு; அடர்சிவப்பும் கரும்பச்சையும் பின்புலத்துக்கு. சிவப்பும் பச்சையும் இப்போது ஒரே பக்கம் வந்துவிட்டன. நடுத்தரத் துணிகள் ஓரத்துக்குப் போயின. எதையும் தூக்கி எறியவில்லை.

மறுபடியும் வரவேற்பறையில் விரித்துக் காட்டினார். இந்த முறை பாட்டி கண்ணைச் சுருக்கவில்லை. "எட்டு முனையும் இருக்கு" என்று விரல் விட்டு எண்ணினார்.