கார் ஓட்டிய காரிகை

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரே தொழிலை ஒரே இடத்தில் பல்லாண்டு செய்து வருபவர்களுக்கு அதன் உண்மை நன்கு விளங்கும். ஆயினும், ஒரே பாதையில் 20,000 தடவைகளுக்கு மேல் கார் ஓட்டியும் அது புளித்துப் போகாத ஒரு பெண்மணி ஜேர்மனி நாட்டிலே வாழ்ந்தார். சபீனே ஷ்மிட்ஸ் என்பது அவர் பெயர். மோட்டார்ப் பந்தயம் ஆடவர்க்கே உரியது என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அவ்வெண்ணத்தை வாதாடி அல்ல, ஓட்டிக் காட்டியே மாற்றியவர் அவர். அன்னாரின் வரலாற்றை இவ்வாரம் எமது வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஜேர்மனியின் மேற்குப் பாகத்தில் ஐஃபல் என்னும் மலைநாடு உள்ளது. அங்கே குன்றின் மேல் பழைய கோட்டையொன்றும், அதன் அடிவாரத்தில் நூர்பேர்க் என்னும் சிற்றூரும் இருக்கின்றன. அக்கோட்டையைச் சுற்றிக் காட்டினூடே 1927ஆம் ஆண்டில் ஒரு பந்தயப் பாதை திறந்து வைக்கப்பட்டது. அதன் வடக்குச் சுற்று மாத்திரம் 20.8 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் 73 வளைவுகள் உண்டு. மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் இடையே சுமார் 300 மீற்றர் வித்தியாசம். ஒரு மேட்டில் ஏறும்போது அப்பால் பாதை எப்பக்கம் திரும்புகின்றது என்பது சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோடியில் வெயில் எறிக்கும்போது மறுகோடியில் மழை கொட்டுவதும் உண்டு.

பிரசித்தி பெற்ற பந்தய வீரர் ஜக்கி ஸ்டுவார்ட் இப்பாதைக்குப் 'பசுமை நரகம்' என்று பெயரிட்டார். 1976ஆம் ஆண்டில் உலக சம்பியனான நிக்கி லவுடா இங்கே விபத்துக்குள்ளாகித் தீயிற் சிக்கிக் கடுங்காயமடைந்தார். அதன் பின்னர் போர்மியூலா வன் பந்தயம் வடக்குச் சுற்றில் நடைபெறவேயில்லை. உலக வீரர்கள் அஞ்சி விலகிய அந்தப் பாதைதான் நமது சபீனேக்கு வீட்டு வாசலாக இருந்தது.

விடுதிக்காரர் மகள்

1969ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி, அயலூராகிய ஆடெனவ்வில் அவர் பிறந்தார். பெற்றோர் நூர்பேர்க்கில் விடுதியும் உணவுச்சாலையும் நடத்தி வந்தனர். மூன்று பெண் மக்களுள் இவரே இளையவர். விருந்தினர்க்கு உணவு பரிமாறும் வேளையிலும் எந்திர முழக்கம் காதில் விழும் வீடு அது. சகோதரிமார் மூவரும் பந்தயத்தில் இறங்கினர். அதிலே நிலைத்து நின்றவர் சபீனே ஒருவரே. விடுதித் தொழிலையும் அவர் முறையாகக் கற்றுக்கொண்டார். விருந்தோம்பலும் வேகமும் ஒருங்கே வாய்த்தது இவ்வாறுதான்.

அவர் புகழ் பெற்றது பயணக் கார்ப் பந்தயங்களில். நாம் வீதியிலே காணும் கார்களைப் போன்றவற்றையே திருத்தியமைத்துப் பந்தயத்துக்கு விடுவது அவ்வகை. அவற்றுள் நூர்பேர்க்கில் 1970ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் 24 மணி நேரப் பந்தயம் தலைசிறந்தது. பல சாரதிகள் ஒரே காரை முறைவைத்து ஓட்டுவர். நூற்றுக்கு மேற்பட்ட கார்கள், பெரியவையும் சிறியவையுமாக, ஒரே பாதையிலே ஓடும். நள்ளிரவில், காட்டின் நடுவே, முன்னால் மெல்லச் செல்லும் காரை எந்த வளைவில் முந்தலாம், எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்பதை அறிந்தவரே கரை சேர்வர்.

1996ஆம் ஆண்டில் ஜோஹான்னஸ் ஷைட், ஹான்ஸ் விட்மன் ஆகியோருடன் கூட பீ.எம்.டபிள்யூ. எம் 3 காரை ஓட்டி, சபீனே இப்பந்தயத்தை வென்றார். இதனை வென்ற முதற் பெண்மணி அவரே. தற்செயலாய் வந்த வெற்றி என்று எவரும் சொல்ல இடமின்றி, 1997ஆம் ஆண்டிலும் வெற்றி பெற்ற காரில் அவர் இருந்தார். வெற்றிப் பட்டியலில் அவர் பெயர் சபீனே றெக் என்று காணப்படும். அது கணவரின் குடும்பப் பெயர். 1998ஆம் ஆண்டில் நூர்பேர்க் நெடுந்தூரப் பந்தயத் தொடரின் சம்பியன் பட்டமும் அவரை வந்தடைந்தது. பிற்காலத்தில் மணவாழ்வு முறிய, பிறந்த ஊருக்கும் பிறந்த வீட்டுப் பெயருக்கும் அவர் திரும்பி வந்தார். 2008ஆம் ஆண்டில் போர்ஷே காரில் அதே 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்ற அணியிலும் இருந்தார்.

ஒன்பது விநாடி

பந்தயமில்லாத நாட்களில் அவர் செய்த தொழில் வாடகைக் கார் ஓட்டுவது! கட்டணம் செலுத்தும் விருந்தினரைப் பக்கத்தில் இருத்தி, அப்பசுமை நரகத்தை ஒருமுறை சுற்றிக் காட்டுவார். விருந்தினர் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டிருக்க, இவரோ சிரித்துப் பேசியபடியே வளைவுகளைக் கடப்பார். 'உலகிலேயே அதிவேக வாடகைக் கார்ச் சாரதி' என்ற பட்டப்பெயர் இவ்விதமே வந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 சுற்று ஓட்டியதாக அவரே கணக்கிட்டிருந்தார்.

பிரித்தானியத் தொலைக்காட்சியின் 'டொப் கியர்' நிகழ்ச்சியில் ஜெரமி கிளார்க்சன் என்பவர், டீசலில் ஓடும் ஜாகுவார் காரில் இப்பாதையை 9 நிமிடம் 59 விநாடியில் சுற்றி மகிழ்ந்தார். அதே காரைச் சபீனே வாங்கி 9 நிமிடம் 12 விநாடியில் முடித்தார். அத்துடன், அவர் எடுத்த நேரத்தைச் சாமான் ஏற்றும் வானிலேயே தம்மால் எட்ட முடியும் என்றும் சொல்லி வைத்தார். 2005ஆம் ஆண்டில் ஒரு போர்ட் ட்ரான்சிட் வான் கொண்டுவரப்பட்டது. சபீனே எடுத்த நேரம் 10 நிமிடம் 8 விநாடி. ஒன்பது விநாடியால் தோற்றார். ஆனால் அந்தத் தோல்வியே அவரை உலகறியச் செய்தது. உயரமான அந்த வான் சாய்ந்து சாய்ந்து, வேகக் கார்களையும் பின்தள்ளி ஓடிய காட்சியைக் கண்டவர்கள் வென்றது யார் என்று கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டில் அந்நிகழ்ச்சியை நடத்துவோரில் ஒருவராகவும் அவர் ஆனார். அதற்கு முந்திய ஆண்டில், 46 வயதில், உலகப் பயணக் கார் சம்பியன் பந்தயம் நூர்பேர்க்குக்கு வந்தபோது அதிலும் கலந்துகொண்டு பத்தாம் இடத்தைப் பிடித்தார்.

இத்தகைய பெண்மணியைத் துணிச்சல்காரி என்று சொல்லி அப்பாற் செல்வது எளிது. துணிச்சல் மாத்திரம் உடையவர்கள் அப்பாதையில் நெடுநாள் நிலைத்ததில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. சபீனேயிடம் இருந்தது அறிவு. எந்த மரநிழலில் ஈரம் காயாது, எந்த மேட்டில் சக்கரம் பிடியிழக்கும் என்று ஒவ்வொரு முழத்தையும் அவர் அறிந்திருந்தார். அன்பில்லாமல் ஒன்றை அவ்வளவு நுணுக்கமாக அறிய முடியாது. பழகிய பால் அவருக்குப் புளிக்காமைக்கு அதுவே காரணம் என்று எமக்குத் தோன்றுகின்றது.

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. சிகிச்சை பெற்றுவந்த காலத்திலும் அவர் காரை விடவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலையில்தான் தம் நோயை வெளியே சொன்னார். 2021ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் திகதி, 51ஆவது வயதில், அவர் காலமானார்.

அதே ஆண்டில், வடக்குச் சுற்றின் முதலாவது வளைவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இன்று அப்பாதையிற் புகும் எவரும் முதலில் சபீனே ஷ்மிட்ஸ் வளைவைக் கடந்தே போக வேண்டும். விடுதிக்காரர் மகள் வாசலிலே நின்று வருவோரை வரவேற்கின்றார்.