அடித்த ஆணியைத் தொடாமல் பாறை ஏறலாமா? மலை ஏறுகிறவர்கள் இடையே தீராத தகராறு!

கல்லிடைக்குறிச்சி பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த விவகாரம் சட்டென்று புரியும்.

பனை ஏறுகிறவர் காலில் தளைநாரை மாட்டுவார், ஏறுவார். வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். தென்னையில் சிலர் அரிவாளால் படி கொத்தி வைக்கிறார்கள். ஏறுவது சுலபம்தான். ஆனால் வெட்டுப்பட்ட இடத்தில் சிவப்புக் கூன்வண்டு புகுந்தால் மரமே காலி!

பாறை ஏறுவதிலும் இதே இரண்டு கட்சி. ஒரு கட்சி டிரில் எந்திரத்தால் துளை போட்டு, போல்ட் அடித்து, அதில் கயிற்றை மாட்டி ஏறும். போல்ட் அங்கேயே நிரந்தரமாக இருக்கும். இன்னொரு கட்சி வெடிப்பில் உலோக ஆப்பையும், ஸ்பிரிங் வைத்து விரியும் சாமானையும் செருகி ஏறும். கடைசி ஆள் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வருவார்.

சிக்கல் எங்கே?

போல்ட் அடித்த வழியிலேயே ஒருவர் வந்து, அதைத் தொடாமல் தன் சாமானைச் செருகி ஏறுகிறார். "பக்கத்திலேயே போல்ட் இருக்கு, வீறாப்புக்காக உசிரை விடணுமா?" என்பது ஒரு கேள்வி. "என் உசிரு, என் சாமான். யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது பதில். அதோடு நின்றால் தேவலை. "அப்படியே ஏற முடியும் என்றால் போல்ட் எதற்கு? பிடுங்கு!" என்று அடுத்த பேச்சு வருகிறதே, அங்கேதான் அடிதடி!

120 ஆணி பறிமுதல்

தென் அமெரிக்காவில் செரோ டோரே என்று ஒரு ஊசி மலை. 1970-ல் இத்தாலிக்காரர் செசாரே மேஸ்ட்ரி, காற்றழுத்த எந்திரத்தையே மலை மேல் தூக்கிக்கொண்டு போய் நூற்றுக்கணக்கில் ஆணி அடித்தார். பலே ஆள்! எந்திரத்தை அங்கேயே தொங்கவிட்டு இறங்கினார்.

2012 ஜனவரியில் ஹேடன் கென்னடி, ஜேசன் குருக் என்ற இரு வாலிபர்கள் மேஸ்ட்ரியின் ஆணிகளை நம்பாமல் உச்சிக்குப் போனார்கள். இறங்கும்போது சுமார் 120 ஆணிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அடிவாரத்து ஊர் எல் சால்டேனில் ஜனங்கள் கொதித்து எழ, போலீசார் இருவரையும் பிடித்து விசாரித்து ஆணிகளைப் பறிமுதல் செய்தனர். சில நாளிலேயே ஆஸ்திரியாவின் டேவிட் லாமா ஆணியைப் பிடித்துத் தொங்காமல், கை கால் பலத்திலேயே அந்த முகட்டில் ஏறினார்.

ஆணியைத் தொடாமல் போவது அவரவர் இஷ்டம். பிடுங்குவது அப்படி அல்ல. நாளைக்கு அதை நம்பி வருகிறவன் நடுப்பாறையில் என்ன செய்வான்?

நம் நாட்டில் கர்நாடகத்து பாதாமியில் போல்ட் அடித்த வழிகள் உண்டு. அங்கே இருப்பது மணற்பாறை. ஈரத்தில் பலம் குறையும். வெடிப்பில் செருகியது இழுபட்டால் பாறையே பெயர்ந்து வரலாம். ஆகவே, "கழற்றிக்கொண்டு போகிறேன், சேதமே இல்லை" என்ற வாதமும் எல்லா இடத்திலும் எடுபடாது.

கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே தெரியும் மலையில் இந்தத் தகராறுக்கே இடம் இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-ல் வந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. டிரில் எந்திரத்தோடு போனால் கேட்கவே வேண்டாம்!