மேகத்தில் மின்சாரம் ஏறுவது எப்படி? – இடி மின்னலும் உழவர் பாதுகாப்பும்

பகலெல்லாம் வெயில் கொளுத்தும். பிற்பகலில் கிழக்கே இருந்து கடற்காற்று வீசத் தொடங்கும். நிலப்பகுதியில் இருந்து வரும் மேல்காற்றை அது சந்திக்கும் இடத்தில் சூடான, ஈரமான காற்று மேலே எழும்பி மேகமாகத் திரளும். மாலையில் இடியுடன் மழை கொட்டும். தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம் வட்டாரத்தில் கோடையிலும், ஆடி முதல் ஐப்பசி வரையிலும் அடிக்கடி காணும் காட்சி இது. இப்பகுதியில் வீடுகள் பெருகிவிட்ட போதிலும், எஞ்சியுள்ள நிலங்களில் பயிர் செய்வோரும் கறவை மாடு மேய்ப்போரும் இம்மழையில் வெட்டவெளியில் அகப்பட்டுக் கொள்வது உண்டு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தனர். வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் வேலை செய்வோருக்கே இந்த ஆபத்து அதிகம். ஒரு பொருளில் மின்சாரம் எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்து கொண்டால், மின்னலில் இருந்து தப்பும் வழியும் எளிதில் விளங்கும்.

மின்னேற்றம் என்றால் என்ன?

மண், மரம், மனிதர், மாடு என எல்லாப் பொருள்களிலும் நேர்மின்சாரமும் எதிர்மின்சாரமும் எப்போதும் இருக்கின்றன. இரண்டும் சம அளவில் இருப்பதால் வெளியே தெரிவதில்லை. எதிர்மின்சாரத்தைத் தாங்கிய எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் ஒரு பொருளை விட்டு மற்றொன்றுக்குப் போகக் கூடியவை. அவற்றை இழந்த பொருள் நேர்மின்னேற்றம் பெறும். ஏற்றுக்கொண்ட பொருள் எதிர்மின்னேற்றம் பெறும். அதாவது, மின்சாரம் புதிதாக உண்டாவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே.

மூன்று வழிகள்

முதலாவது, உராய்வு. எண்ணெய் தேய்க்காத உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பைப் பலமுறை இழுத்துவிட்டு, சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு போனால் அவை தாவி ஒட்டிக் கொள்ளும். மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரைத் தேய்த்தால் அது துரும்பை இழுக்கும் என்பதைக் கிரேக்கர்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இச்சோதனை சரிவர நடக்காது. சீப்பின் மேல் படியும் ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து போய்விடும்.

இரண்டாவது, தொடுதல். மின்னேற்றம் பெற்ற பொருள் மற்றொன்றைத் தொட்டால் அதிலும் ஒரு பங்கு ஏறிவிடும்.

மூன்றாவது, தூண்டல். மின்னேற்றம் பெற்ற பொருள் தொடாமல் அருகே வந்தாலே போதும். மற்றப் பொருளின் இப்பக்கத்தில் எதிர் வகை மின்சாரம் வந்து சேரும். காகிதத் துண்டு சீப்புக்குத் தாவுவது இதனால்தான். மின்னலில் மனிதருக்கு ஆபத்து வருவதும் இவ்வழியேதான்.

உராய்வு மின்சாரம் பண்ணையிலும் உண்டு. விசைத்தெளிப்பானுக்கு பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் ஊற்றும்போது, ஓடும் பெட்ரோலின் உராய்வால் கேனில் மின்சாரம் சேரும். ஒரு சிறு பொறி பறந்தாலும் தீப்பிடிக்கும். ஆகவே கேனை வண்டியின் மேல் வைத்து நிரப்பாமல், தரையில் வைத்து, ஊற்றும் குழாய் கேனின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாக நிரப்ப வேண்டும்.

மேகத்தில் நடப்பது

இடிமேகம் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பக் கூடியது. அதன் நடுப்பகுதி, கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும், உறைநிலைக்கும் கீழே குளிர்ந்திருக்கும். அங்கே நுண்ணிய பனித்துகள்களும், கனமான சிறு பனிக்கட்டிகளும் வேகமான காற்றில் ஓயாமல் மோதிக் கொள்கின்றன. மோதலில் பனித்துகள் நேர்மின்னேற்றமும், பனிக்கட்டி பெரும்பாலும் எதிர்மின்னேற்றமும் பெறுகின்றன. இலேசான துகளைக் காற்று உச்சிக்குத் தூக்கிச் செல்கிறது. கனமான பனிக்கட்டி கீழ்ப்பகுதியில் தங்கி விடுகிறது. களத்தில் தூற்றும்போது பதர் ஒருபுறமும் நெல்மணி ஒருபுறமும் பிரிவது போன்றதே இது.

மேகத்தின் அடியில் எதிர்மின்சாரம் பெருகும்போது, நேர் கீழே உள்ள நிலம் தூண்டலால் நேர்மின்னேற்றம் பெறுகிறது. நிலத்தில் இருந்து உயர்ந்து நிற்கும் பனை, தென்னை, மின்கம்பம், வெட்டவெளியில் நிற்கும் ஆள் ஆகியவற்றின் உச்சியில் அது மிகுதியாகக் குவிகிறது. மேகத்தில் இருந்து இறங்கி வரும் மின்சாரம் இவ்வாறு உயர்ந்து நிற்கும் ஒன்றுடன் இணைந்ததும் மின்னல் பாய்கிறது. அதன் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி வெடித்து விரிவதே இடியோசை. மேகத்தில் உள்ளது மின்சாரமே என்பதை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1752ஆம் ஆண்டில் பட்டம் விட்டு ஆராய்ந்தார். இடிதாங்கியும் அவர் ஆராய்ச்சியின் பலனே.

மரத்தடி ஏன் ஆகாது?

மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது வழக்கம். மின்னல் வேளையில் அதுவே உயிருக்கு உலை வைக்கும். மரத்தில் இறங்கும் மின்சாரம் அருகில் நிற்பவர் மீது தாவும். தரையில் இறங்கிய பின்னும் வேரைச் சுற்றி நாற்புறமும் பரவும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகமாதலால், ஒரு கால் வழியே ஏறி மற்றொரு கால் வழியே இறங்கும் மின்சாரம் அதன் நெஞ்சைக் கடந்து செல்லும். ஒரே மரத்தடியில் பல மாடுகள் சேர்ந்து மடிவது இதனால்தான்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ண வேண்டும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம் எனக் கொள்ளலாம். 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே வேலையை நிறுத்த வேண்டும். இடி கேட்டால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்வது முதியோர் வழக்கம். சொல்லிக் கொண்டே வீட்டை நோக்கி நடப்பது நல்லது.

2. கான்கிரீட் வீடு, கதவு மூடிய பேருந்து அல்லது கார் பாதுகாப்பானவை. காரில் காப்பது சுற்றியுள்ள இரும்புக் கூடு, டயர் அல்ல. ஆதலால் திறந்த டிராக்டரும், ரப்பர் செருப்பும் பாதுகாப்புத் தரமாட்டா. ஓலைக் கொட்டகையும் தராது.

3. நடவு வயலில் இருப்போர் நீரை விட்டு வெளியேறி, ஒருவருக்கொருவர் விலகிச் செல்ல வேண்டும். மண்வெட்டி, தொரட்டி போன்றவற்றைத் தோளில் உயர்த்திப் பிடிக்கக் கூடாது.

4. ஒதுங்க இடமே இல்லையெனில், தாழ்ந்த இடத்தில் கால்களைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்கார வேண்டும். தரையில் படுத்தல் கூடாது. இது முழுப் பாதுகாப்பு அன்று. வேறு வழியில்லாதபோது செய்வது.

5. மேகம் திரளும்போதே மோட்டாரை நிறுத்தி விட வேண்டும். மின்னல் தொடங்கிய பின் ஸ்டார்ட்டர், குழாய், கம்பிவேலி எதையும் தொடக் கூடாது.

6. மாடுகளைத் தனிமரத்திலோ கம்பிவேலியிலோ கட்டலாகாது.

7. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வயலுக்குத் திரும்ப வேண்டும். மழை விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுவது தவறு.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலியை வழங்கியுள்ளது. அருகில் மின்னல் ஏற்படக்கூடுமா என்பதை அது முன்கூட்டியே தெரிவிக்கிறது. வீட்டுப் பிள்ளைகளின் உதவியுடன் இதனைப் பதிவு செய்து கொள்ளலாம்.

தாக்குண்டவரைத் தொடலாமா?

தாராளமாகத் தொடலாம். மின்னலின் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிலத்துக்குள் போய்விடுகிறது; உடலில் எதுவும் தங்குவதில்லை. தொட அஞ்சி வேடிக்கை பார்ப்பதால் காப்பாற்றக் கூடிய உயிரும் போய்விடும். இதயமும் மூச்சும் நின்றிருந்தால், 108 எண்ணுக்குத் தகவல் தந்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வீதம் பலமாக அழுத்த வேண்டும். மருத்துவ உதவி வரும் வரை நிறுத்தலாகாது.

நின்றுபோன நடவை மறுநாள் முடித்துக் கொள்ளலாம். முதல் இடி கேட்டவுடன் கரையேறுவதே உழவர் தம் குடும்பத்துக்குச் செய்யும் நன்மையாகும்.