குடல்வால் அறுவைக்குப் பின் பெறவேண்டிய அறிக்கை

குடல்வாலில் தோன்றும் புற்றுநோய் மிக அரிது. குடல்வால் அழற்சிக்காக அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் ஆராயும்போதே அது பெரும்பாலும் வெளிப்படுகிறது. ஆகவே, வலி தீர்ந்து வீடு திரும்பிய பின்னும் திசு ஆய்வு அறிக்கையைத் தவறாது பெற்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி 1 செ.மீ.க்குக் குறைவாக இருந்து முழுமையாக அகற்றப்பட்டிருப்பின், பெரும்பாலும் அவ்வறுவையே போதும். 2 செ.மீ.க்கு மேற்பட்டால் வலப்பக்கப் பெருங்குடலையும் அகற்ற நேரிடலாம். சளி சுரக்கும் கட்டி வெடித்து வயிற்றறையில் பரவினால், படிவுகளை நீக்கியபின், ஏறத்தாழ 42 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய மருந்தை உள்ளே சுழலவிடுவதுண்டு. இதற்குத் தேர்ந்த மையம் தேவை.

திருநாவலூர்ப் பகுதியினர் மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் புதுச்சேரி ஜிப்மரையோ, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையோ அணுகலாம். அறிக்கையையும் ஸ்கேன் படங்களையும் உடன் கொண்டு செல்லுங்கள்.