கொஞ்சம் ஆறுதலாக இருங்கோ

நேற்று மத்தியானச் சாப்பாட்டை எங்கே இருந்து சாப்பிட்டீர்கள்?

மாதர் கூட்டங்களில் நான் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்கள். குசினியில் நின்றபடியே இரண்டு வாய் போட்டவர், பிள்ளை மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிட்டவர், தையல் வேலை முடியட்டும் என்று இருந்து நாலு மணிக்குத் தேநீரோடு முடித்துக்கொண்டவர், சாப்பிட மறந்தே போனவர். பாயில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டேன் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மாற்கு எழுதின சுவிசேஷம் 6ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீஷர்களுக்கும் இதே நிலைதான். ஊர் ஊராய்ப் போய் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாய்ச் சனம் நெருக்கியதால் சாப்பிடவும் அவர்களுக்கு நேரமில்லை. இன்னும் எத்தனை ஊர் மிச்சம் என்று இயேசு கேட்கவில்லை. தனிமையான ஓர் இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறச் சொன்னார். படகேறிப் போனால், சனம் கரைவழியாக ஓடி அங்கேயும் முந்திக்கொண்டு நின்றது. ஓய்வு எடுக்கலாம் என்று சரியும் நேரம் படலையடியில் ஆள் கூப்பிடுவது நமக்கு மட்டும் நடப்பதல்ல! அன்று ஐயாயிரம் பேரின் பசியை ஆற்றிய பிறகு, இயேசு சீஷரைப் படகில் அனுப்பினார், சனத்தையும் அனுப்பினார், தாம் தனியே மலைக்கு ஏறிச் செபம் பண்ணப் போனார். பகலில் கை நழுவிப் போன தனிமையை அந்தியில் தேடி எடுத்துக்கொண்டார்.

நம்முடைய ஓட்டத்துக்குக் காரணம் என்ன? ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 2009இல் போர் முடிந்தபோது எத்தனையோ வீடுகளில் உழைக்கிற ஆண் இல்லை. மீள்குடியேறிய காணியில் பற்றை வெட்டியதும், கிணறு இறைத்ததும், வீட்டுத்திட்டத்துக்குக் கல் அரிந்ததும் பெண்கள்தான். பிறகு நுண்கடன் வந்தது. கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய காசு பெண்களின் நித்திரையைத் தின்றது. 2022இல் அரிசியும் மாவும் விலை ஏறியபோது இன்னொரு தடவை இடுப்பை இறுக்கிக் கட்டினோம். இப்படிப்பட்டவர்களிடம் போய் 'ஓய்வெடுங்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஓய்வு என்றால் அன்றைக்கு உலை இல்லை என்றுதான் கேட்கும்.

மற்றக் காரணத்தை நாம் வெளியே சொல்வதில்லை. "சும்மா இருந்தால் யோசினை வருமக்கா" என்று வன்னியில் ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். விடிய நாலரைக்கு எழும்பி இரவு பதினொன்று வரை ஏதாவது செய்துகொண்டே இருப்பார். வேலை இல்லாவிட்டால் கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டுவார். கை நின்றால் மாத்தளனும் பொக்கணையும் கண்ணுக்குள் வந்துவிடும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் இது இன்னும் கடினம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டம் தொடங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். "நான் படுத்து நிம்மதியாய் நித்திரை கொண்டால் அவரைக் கைவிட்ட மாதிரி இருக்கு" என்று கணவரைத் தேடுகிற இன்னொருவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் அந்த வார்த்தைக்கு வாயால் பதில் சொல்லலாம் என்று நான் நினைக்கவில்லை. எலியாவின் கதையை மட்டும் அவரோடு இருந்து வாசித்தேன்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். உயிருக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடிய எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அப்படியே நித்திரையாகிவிடுகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். அங்கே தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துவிடுகிறார்! தூதன் திட்டவில்லை. இரண்டாம் தரமும் தட்டி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிட வைக்கிறான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப் மலை, மெல்லிய சத்தம் எல்லாம். சாக ஆசைப்பட்ட ஊழியக்காரனுக்குக் கர்த்தர் முதலில் அனுப்பியது பிரசங்கம் அல்ல. நித்திரையும் சுடுசாப்பாடும் தண்ணீரும். எலியா தன் சனத்தின் துக்கத்தை மறந்துவிட்டதாக வேதம் எங்கும் சொல்லவில்லை.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் 20இல் சொல்லப்படும் காரணம் சிருஷ்டிப்பு: ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கிய தேவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5இல் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், அதை நினை என்கிறார் மோசே. பார்வோனுக்குச் செங்கல் அறுத்தவர்களுக்கு லீவு நாள் இருந்ததில்லை. அந்தச் சனத்துக்குத்தான் ஓய்வு கட்டளையாக வந்தது. பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன் எல்லோரும் இருக்கிறார்கள். மனைவியின் பேர் இல்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் அவளும் அடக்கம் என்று வேதபண்டிதர்கள் விளக்குவார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நம்முடைய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை யார் இறைச்சிக்கறி காய்ச்சுகிறார்கள் என்று பார்த்தால், பலர் அந்தப் பட்டியலை எழுத்துக்கு எழுத்தாக வாசித்துவிட்டார்கள் போல இருக்கிறது.

ஆலயமும் இதற்கு விலக்கல்ல. காலை ஆராதனை, ஞாயிறு பாடசாலை, மாதர் சங்கம், பின்னேரம் வீட்டுக் கூட்டம், நடுவில் ஆசுபத்திரிக்கு நோயாளரைப் பார்க்கப் போவது, எல்லாம் ஒரே நாளில். அறுவடைப் பெருவிழா என்றால் மூன்று நாள் தேங்காய் துருவல். கர்த்தருக்காகச் செய்கிறோம் என்ற சந்தோசம் உண்மைதான். ஆனால் களைத்துப்போன பெண் கொஞ்சம் விலகி நின்றால் "விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டா" என்று கதைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. மார்த்தாளை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். லூக்கா 10ஐப் பொறுமையாக வாசியுங்கள். அவள் சமைத்ததற்காக இயேசு கடிந்துகொள்ளவில்லை, பலதையும் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் எடுத்துச் சொன்னார். யோவான் 12இல் பெத்தானியாவில் விருந்து நடக்கும்போதும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். அங்கே ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை, அவளும் தங்கச்சியைக் குறை சொல்லவில்லை.

சரி, நாட்கூலிக்காரி என்ன செய்வது? மன்னாவைப் பாருங்கள். ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள், ஏழாம் நாள் அதைச் சாப்பிட்டார்கள். ஓய்வுக்கு முதல்நாளே ஆயத்தம் வேண்டியிருந்தது. சனிக்கிழமை விறகும் தண்ணீரும் எடுத்து வைத்து, ஞாயிறு ஒரே கறியோடு சமாளிக்கலாம். முழுநாள் முடியாவிட்டால் அரைநாள், அதுவும் முடியாவிட்டால் மத்தியானம் ஒரு மணித்தியாலம். ஆனால் அம்மா ஓய்வதென்றால் வேறு யாராவது எழும்பவேண்டும். பதினேழு வயது மகன் சட்டி கழுவினால் அவனுடைய மரியாதை கிணற்றுக்குள் விழுந்துவிடாது. மகளையே கூப்பிட்டால் பாரம் அம்மாவிடமிருந்து மகளுக்கு மாறியதுதான் மிச்சம்.

சும்மா இருந்தால் பழைய காட்சிகள் வருகின்றன என்கிறவர்கள் கண்ணை மூடித் தனியே படுக்கவேண்டும் என்றில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவது, பேரப்பிள்ளைக்குத் தலை இழுப்பது போல மெதுவான வேலை ஒன்று கையில் இருக்கட்டும். போரின் மனவடுக்களைப் பற்றி நீண்டகாலம் எழுதியும் சிகிச்சை செய்தும் வந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், அவரவர் சமயத்தில் பழகிய செப வார்த்தையை மூச்சோடு சேர்த்துச் சொல்லி உடலைத் தளர்த்தும் முறையைப் பயன்படுத்தியவர். நமக்கு இயேசுவின் நாமமே போதும், மூச்சை உள்ளே எடுக்கும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை. அப்படியும் நித்திரை கிழமைக்கணக்காக வராவிட்டால், சாகலாம் என்ற நினைப்பு வந்தால், ஆசுபத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் கதைக்கலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அல்ல. எலியாவும் கொடுத்த அடையைத் தின்றார்.

எங்கள் பக்கத்து மாதர் சங்கம் ஒன்று, மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பின்னேரக் கூட்டம் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறது. முறைவைத்து இரண்டு பேர் எல்லோருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பாயை விரிக்கிறார்கள். முதல் மாதம் ஒருவரும் படுக்கவில்லை, பாயில் இருந்து கடன் கணக்குக் கதைத்தார்களாம். இரண்டாம் மாதம் நாலு பேர் சரிந்தார்கள். மூன்றாம் மாதம், கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டுகிற அந்தச் சகோதரி குறட்டை விட்டு நித்திரை கொண்டார். போதகர் ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, பின்னேர மணியை அன்றைக்கு அடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.