பல்லுக்கு எடுத்த ஸ்கேனில் சைனஸ் கோளாறு தெரிந்தால்

செயற்கைப் பல் பொருத்துவதற்காகவோ வேர் சிகிச்சைக்காகவோ ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களில் சிலர், பல்லை மறந்து புதியதொரு கவலையுடன் எங்களிடம் வருகிறார்கள். ‘மேல்தாடை சைனஸில் சளிச்சவ்வுத் தடிப்பு’ என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும். மூக்கடைப்புகூட இல்லாதவருக்கு இது எப்படி வந்தது, புற்றுநோயாக இருக்குமோ என்று குடும்பமே கலங்கிவிடுகிறது.

கன்னத்திற்குப் பின்னால், மேல்தாடை எலும்புக்குள் காற்று நிறைந்த அறை ஒன்று இருபுறமும் உண்டு. அதுவே மேல்தாடை சைனஸ். மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் அதன் தரையை ஒட்டியே அமைந்துள்ளன. சிலருக்கு இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே. ஆகவே மேல்தாடைப் பற்களை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில் சைனஸின் அடிப்பகுதியும் சேர்ந்தே பதிவாகிறது.

இவ்வாறு தற்செயலாகத் தெரிபவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பு, சளியினாலோ ஒவ்வாமையினாலோ ஏற்பட்டதாக இருக்கலாம். குவிமாடம் போன்று தெரியும் சிறு நீர்க்கட்டிக்கும், தொந்தரவு இல்லையெனில், பொதுவாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

எனினும், சைனஸ் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் அப்பக்கத்துப் பற்களை ஆராய வேண்டும். வேரின் நுனியில் உள்ள தொற்று சைனஸுக்குப் பரவக்கூடும். மூக்கில் துர்நாற்றமும் ஒருபக்கச் சீழும் இதன் அறிகுறிகள். பல்வலி இல்லாமலும் இருக்கலாம். மூலகாரணமான பல்லைச் சரிசெய்யாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மட்டும் உட்கொண்டால், நோய் தணிந்து மீண்டும் தலைதூக்கும். சைனஸில் தொற்று இருக்குமாயின், அதைக் குணப்படுத்திய பின்னரே அவ்விடத்தில் செயற்கைப் பல் பொருத்துவது நல்லது.

எலும்பு அரிப்பு என்று அறிக்கை குறிப்பிட்டாலோ, ஒரு பக்க மூக்கில் அடிக்கடி இரத்தம் கசிதல், கன்னத்தில் மரத்துப்போதல், காரணமின்றிப் பல் ஆடுதல், கண் வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தாலோ, காலம் தாழ்த்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுங்கள்.

வரும்போது அறிக்கையுடன் ஸ்கேன் பதிவையும் எடுத்து வாருங்கள். மேல்வரிசையில் பல் பிடுங்கியதோ வேர் சிகிச்சை செய்ததோ எப்போது என்பதையும் குறித்து வையுங்கள். பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஒரே படத்தைப் பார்த்துக் கலந்து முடிவெடுக்க இவை பெரிதும் உதவும்.