மங்கோலியாவா, சாங்தாங்கா? நாடோடிக் கூடாரத்தில் தங்கப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி, ஒரு குதிரை, ஒரு வெள்ளைக் கூடாரம். மங்கோலியாவின் இந்த ரீல்ஸ் உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். 'லீவ் போட்டுட்டு கிளம்பிடலாமா' என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சும் ஓடியிருக்கும். பாஸ்போர்ட் இல்லாமலேயே போகக்கூடிய மேய்ச்சல் நிலம் ஒன்று இந்தியாவுக்குள் இருக்கிறது: லடாக்கின் சாங்தாங். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், அங்கே போனால் என்ன கிடைக்கும், உங்க பணம் யாருக்குப் போகும்?

மங்கோலியாவில் என்ன ஸ்பெஷல்?

மக்கள்தொகை சுமார் 35 லட்சம். கால்நடைகளோ 5 கோடிக்கு மேல். மேய்ப்பர்கள் வாழும் வட்டக் கூடாரத்துக்கு 'கெர்' என்று பெயர். மரச் சட்டத்தின் மேல் தடித்த கம்பளி போர்த்தியிருப்பார்கள். குதிரை அங்கே அன்றாட வாழ்க்கையின் பாகம். யுனெஸ்கோ 2004-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஓர்கோன் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் பல நாள் குதிரைப் பயணம் போகலாம்.

தங்குவதில் ரெண்டு வகை. ஒன்று, சுற்றுலாவுக்கென்றே நடத்தப்படும் கெர் முகாம். இன்னொன்று, மேய்ப்பர் குடும்பத்தோடு தங்குவது. புக் பண்ணும்போது எது என்று கேட்டுக்குங்க. அந்த வாழ்க்கை ரீல்ஸில் தெரிவதுபோல லேசானதும் இல்லை. 'ஸுட்' எனப்படும் கடும் பனிக்காலம் 2023-24-ல் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றது.

சாங்தாங் எங்கே இருக்கு? சாங்பா யார்?

லேவுக்குத் தென்கிழக்கே, சீன எல்லையை ஒட்டி, 4,000 மீட்டருக்கு மேல் விரியும் பீடபூமி சாங்தாங். இங்கே ஆடு, செம்மறி, யாக் மேய்ப்பவர்கள் சாங்பா மக்கள். 1989-ல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

நம்ம ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளை நினைச்சுக்குங்க. மேய்ச்சல் எங்கேயோ அங்கே கிடை. சாங்பாக்களும் அப்படித்தான், பருவத்துக்கேற்ப இடம் மாறுவார்கள். யாக் முடியில் நெய்த அவர்களின் கூடாரம் 'ரெபோ'.

இவர்கள் வளர்க்கும் ஆட்டின் அடிமயிர்தான் பஷ்மினா. இழையின் தடிமன் சுமார் 12 முதல் 15 மைக்ரான்தான். மனிதத் தலைமுடியில் நாலில் ஒரு பங்குகூட வராது. அந்தக் கொடும் குளிரைத் தாங்கத்தான் ஆட்டுக்கு அவ்வளவு மென்மையான மயிர் முளைக்கிறது. லடாக் பஷ்மினாவுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குதிரை சவாரி உண்டா?

உண்டு, ஆனால் மங்கோலியா அளவுக்கு எதிர்பார்க்காதீங்க. இங்கே குதிரை பெரும்பாலும் சுமை தூக்கும். ரும்ட்சேயிலிருந்து சோ மோரிரி ஏரி வரை நடக்கும் பிரபலமான மலையேற்றப் பாதையில், உங்க மூட்டையைக் குதிரை சுமக்கும், நீங்க நடப்பீங்க. சவாரிதான் ஆசை என்றால் ஏற்பாட்டாளரிடம் முன்பே பேசுங்க. ஹெல்மெட் இருக்கா, முதுகில் புண் உள்ள குதிரையை ஓட்டுகிறார்களா என்று பாருங்க.

பெரிய ஆபத்து எது?

உயரம். உலான்பாதர் சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே 3,500, சோ மோரிரி கரையிலுள்ள கோர்சோக் கிராமம் 4,500 மீட்டருக்கும் மேல். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடல்மட்டத்தை ஒட்டி வாழ்கிற ஒருவர் காலையில் ஃப்ளைட் ஏறினால் அன்றைக்கே லேயில் இறங்கிவிடலாம். உடம்புக்கு அந்த வேகம் ஆகாது.

முதல் ரெண்டு நாள் லேயில் ஓய்வு கட்டாயம். அதன் பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. தலைவலி, வாந்தி இருந்தால் மேலே ஏறக் கூடாது. தடுமாற்றம், குழப்பமான பேச்சு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் வந்தால் ராத்திரி என்றாலும் உடனே கீழே இறங்கணும். அசெட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்கணும்.

நீங்க போவதால் யாருக்கு லாபம்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஏன்னா சாங்பா வாழ்க்கை சுருங்கிக்கிட்டே வருது. கர்னாக் பகுதிக் குடும்பங்கள் பல, மந்தையை விட்டுட்டு லே நகரின் ஓரத்தில் குடியேறிவிட்டன. அந்தக் குடியிருப்புக்கே 'கர்னாக்லிங்' என்று பெயர். பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரி, பனிக்காலக் கஷ்டம் எனக் காரணங்கள் பல.

2020 எல்லை மோதலுக்குப் பிறகு சில மேய்ச்சல் நிலங்களுக்குப் போக முடியவில்லை என்கிறார்கள் மேய்ப்பர்கள். இன்னொரு பக்கம், 13 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை லடாக்கிலிருந்து கொண்டுவரும் வழித்தடத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. சோலார் பேனல்கள் வர இருக்கும் பாங் பகுதியும் மேய்ச்சல் நிலம்தான்.

இந்தச் சூழலில், சுற்றுலாப் பணம் லேயில் இருக்கும் ஏஜென்ட்டோடு நின்றுவிட்டால் மேய்ப்பருக்கு மிஞ்சுவது குப்பையும் தண்ணீர்த் தட்டுப்பாடும்தான். கோர்சோக்கில் உள்ளூர்க் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் தங்கினால் அந்த வீட்டுக்கே வருமானம்.

போகும் முன் ஒரு செக்லிஸ்ட்

- எப்போது: ஜூன் முதல் செப்டம்பர் வரை. பஷ்மினா சீவி எடுப்பதைப் பார்க்கணும்னா கோடைத் தொடக்கம்.
- அனுமதி: எல்லைப் பகுதி என்பதால் விதிகள் மாறும். லே நிர்வாகத்தின் இணையதளத்தில் அனுமதியும் கட்டணமும் பார்த்துட்டு கிளம்புங்க.
- இன்சூரன்ஸ்: பல பாலிசிகள் குதிரை சவாரியையும் அதிக உயரத்தையும் சேர்ப்பதில்லை. படிச்சுப் பார்த்து வாங்குங்க.
- கேட்க வேண்டியது: கூடாரம் யாருடையது? சமைப்பது யார்? அவர்களுக்கு எவ்வளவு போகிறது?
- ஏரிக்கரை: சோ மோரிரி 2002 முதல் ராம்சர் ஈரநிலம். வரித்தலை வாத்து குஞ்சு பொரிக்கும் இடம். திருநெல்வேலி கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே இனம்தான். கரையில் கூடாரமோ வண்டியோ வேண்டாம்.
- மரியாதை: ரெபோவுக்குள் கூப்பிடாமல் நுழையாதீங்க. போட்டோவுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. அது ஒருத்தர் வீடு.